ஒரு வித்தை போதும்!

கால்பந்து ஆடும் பையன்கள் இப்போது வீடியோ பார்த்தே ஸ்டெப் ஓவர், எலாஸ்டிகோ, ரெயின்போ என்று பத்து வித்தைகள் கற்றுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். மைதானத்தில் ஒன்றைச் செய்து பார்த்தால் போதும், கோச் கத்துவார்: "வித்தையெல்லாம் வேண்டாம், பாஸ் கொடு!" இதில் யார் சொல்வது சரி? இரண்டு பக்கமும் பாதி பாதிதான்.

முதலில், வித்தை எதற்காக? கைத்தட்டலுக்காக இல்லை. எதிரே நிற்கும் தடுப்பாட்டக்காரரைத் தப்பான பக்கம் சாய வைப்பதற்காக. ஒரு பக்கம் சாய்ந்துவிட்டவர் தன்னை நிறுத்தி, மறுபக்கம் கிளம்ப ஒரு கணம் ஆகும். அந்த ஒரு கணம்தான் டிரிபிளிங்கின் மொத்த லாபம். அதற்குள் பந்து அவரைத் தாண்டிவிட வேண்டும். இதற்குப் பத்து வித்தை எதற்கு?

பிரேசிலின் கரிஞ்சாவைப் பாருங்கள். இரண்டு கால்களும் வளைந்தவை. வலது ஓரத்தில் ஆடுவார். உள்பக்கம் போவதுபோல் உடம்பைச் சாய்ப்பார், பிறகு வெளிப்பக்கமாகப் பாய்வார். பெரும்பாலும் இதே வித்தைதான். எந்தப் பக்கம் போவார் என்று எல்லோருக்கும் தெரியும். எப்போது போவார் என்பதுதான் தெரியாது!

1958 உலகக்கோப்பையில் பிரேசிலின் முதல் இரண்டு ஆட்டங்களில் அவர் இறக்கப்படவில்லை. மூன்றாவதாக சோவியத் யூனியனுடன் மோதியபோது பீலேயோடு சேர்த்து இறக்கினார்கள். ஆட்டம் தொடங்கிய உடனேயே கரிஞ்சா அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. பிரேசில் 2-0 என வென்றது. ஸ்வீடனுடன் நடந்த இறுதி ஆட்டத்தில் வாவா அடித்த இரண்டு கோல்களுக்கும் பந்து வந்தது கரிஞ்சாவின் வலது ஓரத்திலிருந்துதான். 1962இல் பீலே காயத்தால் வெளியேறிய பிறகு, காலிறுதியில் இரண்டு, அரையிறுதியில் இரண்டு என கோல் போட்டு அணியைத் தூக்கி நிறுத்தியவரும் இவரே.

இங்கிலாந்தின் ஸ்டான்லி மேத்யூஸும் இதே ரகம்தான். உள்ளே வருவதுபோல் காட்டிவிட்டு வெளியே போவார். 1953 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் அவருக்கு வயது 38. 1-3 என்று பின்தங்கியிருந்த பிளாக்பூல் 4-3 என்று ஜெயித்தது. கடைசி கோலுக்குப் பந்தைக் கொடுத்தவர் அவர்.

கோச்சுகள் பக்கமும் நியாயம் உண்டு. 1974இல் ஸ்வீடனுக்கு எதிராக யோகன் க்ரைஃப் திரும்பிய திருப்பம் இன்றுவரை அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. ஆனால் அந்த ஆட்டம் முடிந்தது 0-0! அழகான வித்தை மட்டும் ஆட்டத்தை ஜெயித்துத் தராது. அதுவும் சொந்த கோலுக்கு முன்னால் வித்தை காட்டுவது தற்கொலைக்குச் சமம்.

அதற்காக எல்லா இடத்திலும் தடை போட்டால்? எதிராளியின் கோல் பக்கம், ஓரக்கோட்டருகே பந்தை இழந்தால் பெரிய நஷ்டம் இல்லை. தாண்டிவிட்டால் ஒரு தடுப்பாட்டக்காரர் கணக்கிலேயே இல்லை. அவரை ஈடுகட்ட இன்னொருவர் தன் இடத்தை விட்டு வந்தாக வேண்டும். பாஸ் கொடுக்க வழி திறப்பதே அப்போதுதான்.

ஆகவே பையன்கள் ஒன்பது வித்தைகளை மறந்துவிட்டு, ஒன்றை ஆயிரம் முறை செய்து பழகட்டும். கோச்சுகளும் அந்த ஓரத்திலாவது பத்து முறை பந்தை இழக்க விடட்டும். இழக்கப் பயப்படுகிறவன் கடைசிவரை யாரையும் தாண்டப் போவதில்லை.