மஜ்னு துரத்தியவன் அல்லன்

ஷிப்ட் முடிந்து ஒரகடத்திலோ சுங்குவார்சத்திரத்திலோ கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும் பெண்ணை, அவள் முடியாது என்று சொன்ன பிறகும் ஒருவன் பைக்கில் பின்தொடர்ந்தால், நண்பர்கள் அவனுக்கு மஜ்னு என்று பட்டம் கட்டுகிறார்கள். விடாமல் துரத்துவதுதான் உண்மைக் காதலாம். லைலா மஜ்னு கதையே சாட்சியாம். அந்தக் காவியத்தின் மேல் இதைவிடப் பெரிய பழி கிடையாது.

இன்றைய அஜர்பைஜான் மண்ணில் வாழ்ந்த நிஜாமி 1188இல் பாரசீகத்தில் பாடிய கதை அது. லைலாவும், பிறகு மஜ்னு என்று பெயர் பெற்ற கைஸும் ஒரே பள்ளியில் படித்தவர்கள், விரும்பியது இருவரும். ஊர் பேசத் தொடங்கியதும் படிப்பை இழந்து வீட்டுக்குள் அடைபட்டவள் லைலா. பிறகு மனமில்லாத மணம். தொட வந்த கணவன் இப்னு சலாமை அறைந்து விலக்கினாள். மஜ்னுவாவது பாலைவனத்தில் வாய்விட்டுக் கதறலாம். அவளுக்கு அழுவதற்கும் மறைவு வேண்டியிருந்தது. இந்த வேறுபாட்டை நிஜாமி மறைக்கவில்லை. அவருடைய மேதைமையை நான் அங்கேதான் காண்கிறேன்.

மஜ்னு என்ன செய்தான்? நௌஃபல் என்ற வீரன் அவனுக்காகப் படை திரட்டி லைலாவின் குலத்தோடு மோதினான். அப்போதும் மஜ்னுவின் மனம் எதிரணியில் விழுந்தவர்களுக்காகவே பதறியது. கடைசியில் ஒரு தோட்டத்தில் இருவரும் சந்திக்க வழி பிறந்தது. லைலா பத்தடி தள்ளியே நின்றாள். அவன் அந்தப் பத்தடியைத் தாண்டவில்லை. பாடினான், பாலைக்கே திரும்பி ஓடினான். டெல்லியில் அமீர் குஸ்ரோவும், ஹெராத்தில் ஜாமியும் இந்தக் கதையைத் திரும்பப் பாடினார்கள். பானுமதி 1949இல் தெலுங்குப் படத்தில் லைலாவாக நடித்தார். எண்ணூறு ஆண்டுகளைத் தாண்டி வந்த காவியத்தை ஒரு பைக்குக்காரனின் அடாவடிக்கு அரணாக்கலாமா?

ஒரகடம் பக்கமுள்ள வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்கென்று 18,720 படுக்கைகளோடு 2024 ஆகஸ்டில் விடுதி திறந்தார்கள். எங்கெங்கோ இருந்து வந்து, சொந்தச் சம்பளத்தை முதன்முறையாகக் கையில் வாங்கும் பெண்கள் இங்கே ஏராளம். ஒருவன் பின்னால் வருகிறான் என்ற செய்தி ஊருக்கு எட்டினால், பல வீடுகளில் முதலில் பறிபோவது அவளுடைய வேலை. துரத்தியவன் மறுநாளும் அதே டீக்கடையில் நிற்பான். லைலாவின் வீட்டார் அன்று செய்ததைத்தான் நாம் இன்றும் செய்துகொண்டிருக்கிறோம்.

பெற்றோரே, மகளை வேலையிலிருந்து நிறுத்தாதீர்கள்; அவளோடு காவல் நிலையத்துக்குப் போங்கள். விருப்பமில்லை என்று தெரிவித்த பெண்ணை மீண்டும் மீண்டும் பின்தொடர்வது பாரதிய நியாய சங்கிதாவின் 78ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கே மூன்றாண்டு வரை சிறை உண்டு.