குன்றத்தூர் வீட்டு அண்ணனும் தம்பியும்



சென்ற மாதம் சுங்குவார்சத்திரத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் தென்மாவட்டத்துப் பெண். இங்கே ஒரு கம்பெனியில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறார். "எங்க ஊர்ல புளியமரத்துக்குக்கூட ஒரு கதை இருக்கு சார். இங்க திரும்புற பக்கமெல்லாம் கம்பெனி போர்டுதான் இருக்கு. இந்த மண்ணுல எங்களுக்கு முன்னாடி யாருமே இல்லையா?" என்று கேட்டிருந்தார். அந்தக் கேள்வியை ஒரு மாதமாகச் சுமந்துகொண்டிருந்தேன். அதற்கான பதில்தான் இந்தப் பக்கம்.

இருந்தார்கள், மகளே. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் கார் உருவாகி வெளிவரத் தொடங்கியது; ஒரகடத்தில் 2010-இல். அதற்கு முன் இங்கே ஒன்றுமே இல்லை என்பதுபோல் பேசுவது நமக்கும் பழகிவிட்டது. ஆனால் ஸ்ரீபெரும்புதூரில் இராமாநுசர் பிறந்தது 1017-இல். அவருக்கு அடுத்த நூற்றாண்டில், அங்கிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் கிழக்கே, குன்றத்தூரில் ஒரு பெருநிலக்கிழார் வீட்டில் அண்ணனும் தம்பியுமாக இருவர் வளர்ந்தார்கள். மூத்தவர் அருள்மொழித்தேவர். இளையவர் பாலறாவாயர். மூத்தவரை நாம் அவருடைய குடிப்பெயரால் சேக்கிழார் என்று அழைக்கிறோம்.

குன்றத்தூர் நெடுங்காலம் ஸ்ரீபெரும்புதூர் வட்டத்தில் இருந்த ஊர். முருகன் மலையின் 84 படி ஏறி மேற்கே திரும்பினால் செம்பரம்பாக்கம் ஏரி விரிந்து கிடக்கும். காலை ஆறு மணிக்கு மலையடிவாரச் சாலையில் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகும். ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டே போகிறவர்களைப் பார்க்கலாம். அந்தப் பஸ்கள் போகிற மண் சேக்கிழார் குடியின் மண்.

"கிழார்" என்றால் நிலத்துக்கு உரியவர். சோழர் ஆட்சியில் வேளாண் நிலவுடைமைக் குடும்பங்களிலிருந்துதான் அரசின் மேலதிகாரிகள் பலர் வந்தார்கள். சேக்கிழான் என்ற அடையோடு பலரின் பெயர்கள் சோழர் கல்வெட்டுகளில் கிடைக்கின்றன. செல்வாக்கான பெருங்குடி. அந்த வீட்டில் ஒரு பிள்ளைக்கு அருள்மொழி என்று பெயர். அது முதலாம் இராசராசனின் இயற்பெயர். அடுத்த பிள்ளைக்குப் பாலறாவாயர். அது பால்மணம் மாறாத வயதில் பாடிய ஞானசம்பந்தரைக் குறிக்கும் பெயர். ஒரு பிள்ளைக்கு அரசன் பெயர், ஒரு பிள்ளைக்கு அடியார் பெயர். அந்த வீட்டின் மனம் இந்த இரண்டு பெயர்களிலேயே தெரிகிறது என்று எனக்குத் தோன்றும்.

அருள்மொழி அரசவைக்குப் போனதற்கு ஒரு செவிவழிக் கதை உண்டு. உலகத்தைவிட, கடலைவிட, மலையைவிடப் பெரியவை எவை என்று சோழன் கேட்டனுப்பினானாம். தந்தை பதில் தெரியாமல் முகம் வாடி வீட்டுக்கு வந்தாராம். உற்ற நேரத்தில் செய்த உதவி உலகைவிடப் பெரிது, பயன் எதிர்பாராத உதவி கடலைவிடப் பெரிது, தன் நிலை மாறாமல் அடங்கி நிற்பவனின் தோற்றம் மலையைவிடப் பெரிது என்று திருக்குறளிலிருந்தே மகன் விடை எழுதிக் கொடுத்தானாம். கல்வெட்டு இதற்குச் சாட்சி சொல்லாது. ஆனாலும் கவலையோடு வீடு திரும்பும் ஒரு தந்தையும், திண்ணையில் அவருக்காகக் காத்திருக்கும் ஒரு மகனும் இதில் இருக்கிறார்கள். அதற்காகவே எனக்கு இந்தக் கதை பிடிக்கும்.

1133 முதல் 1150 வரை ஆண்ட அநபாயன் என்ற இரண்டாம் குலோத்துங்கனிடம் அருள்மொழி அமைச்சரானார். உத்தமசோழப் பல்லவர் என்பது பட்டம். கும்பகோணத்துப் பக்கம் உள்ள திருநாகேச்சுரத்தின்மேல் தீராத அன்பு. அங்கிருந்து ஊர் திரும்பினாலும் மனம் அங்கேயே கிடந்ததால், குன்றத்தூரிலேயே ஒரு திருநாகேச்சுரம் எழுப்பினார். இன்றும் வழிபாடு நடக்கும் கோயில் அது. வேலைக்காகத் தூரதேசம் போனவன், அங்கே பிடித்ததைத் தன் ஊருக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறான்.

பிறகு தில்லைக்குப் போய், சிவனடியார்களின் வரலாற்றைச் சொல்லும் பெரியபுராணம் எழுத உட்கார்ந்தார். பாடி முடித்து, ஒரு சித்திரைத் திருவாதிரையில் விரித்துரைக்கத் தொடங்கி அடுத்த சித்திரைத் திருவாதிரையில் நிறைவு செய்தார் என்பதும், நூலையும் அவரையும் யானைமேல் ஏற்றி அரசனே பின்னால் நின்று கவரி வீசினான் என்பதும் மரபு. 14-ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவம் அவருடைய வரலாற்றைத் தனி நூலாகவே பாடினார். அண்ணன் பதவிக்குத் திரும்பாமல் தில்லையிலேயே தங்கிவிட, அரசன் தம்பியை அழைத்துத் தொண்டைமான் என்ற பட்டம் கொடுத்துப் பொறுப்பை ஒப்படைத்தான் என்கிறது அந்த வரலாறு. பாலறாவாயரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அண்ணன் நிம்மதியாகத் தில்லையில் இருக்க, வீட்டையும் நாட்டையும் சுமந்த தம்பி அவர். எத்தனை வீடுகளில் ஒருவர் படிப்புக்காக இன்னொருவர் முதல் ஷிப்டுக்குப் போகிறார் என்று இந்த வட்டாரத்து வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். அரியலூர்ப் பக்கம் திருமழபாடிக் கோயில் கல்வெட்டு ஒன்றில் ஒரு கொடையாளி வருகிறார். சயங்கொண்ட சோழ மண்டலம், புலியூர்க் கோட்டம், குன்றத்தூர் நாடு, குன்றத்தூர் என்று முகவரி வரிசையாக வந்து, சேக்கிழான் மாதேவடிகள் இராமதேவனான உத்தமசோழப் பல்லவராயன் என்று பெயரில் முடிகிறது. இரண்டாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு. விளக்குக்காகக் கொடுத்த கொடை. இவரே நம் கவிஞர் என்று கொண்ட ஆய்வாளர்களும் உண்டு, அவர் குடும்பத்தாருள் ஒருவர் என்று கொண்டவர்களும் உண்டு. ஒரு விளக்கு அணையாமல் எரியப் பொதுவாக 90 அல்லது 96 ஆடுகள் கொடுப்பார்கள். அவை "சாவா மூவாப் பேராடு". கிழடானதைக் கழித்துக் குட்டியைச் சேர்ப்பதால் மந்தை சாகாது, மூப்படையாது. விளக்குக்கு நெய் வந்துகொண்டே இருக்கும்.

மண்டலம், கோட்டம், நாடு, ஊர், கடைசியில் பெயர். சோழ அரசின் ஆவணங்களில் நிலமும் செல்வாக்கும் உள்ளவர்களுக்குக் கிடைத்த மரியாதை இது. பெரியபுராணத்தைத் திறந்து பாருங்கள். பல அடியார்களின் கதைகள் முதலில் நாட்டைச் சொல்லும், பிறகு ஊர், பிறகு குடியும் தொழிலும், அதன்பின் பெயர். ஓர் அமைச்சரின் கை எழுதியது என்று அடையாளம் தெரிகிறது. அந்த மரியாதையை அவர் யாருக்கெல்லாம் கொடுத்தார்! தில்லையில் மண்பாண்டம் வனைந்த திருநீலகண்டர், காஞ்சியில் துணி வெளுத்த திருக்குறிப்புத் தொண்டர், நாகையில் வலை வீசிய அதிபத்தர், கையில் காசில்லாததால் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டிய திருநின்றவூர்ப் பூசலார்.

எனக்கு மிக நெருக்கமானவர் கலியர். திருவொற்றியூரில் சக்கரப்பாடித் தெரு. எண்ணெய் வாணிகக் குடி. கோயில் விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றியே செல்வம் கரைந்தது. பிறர் எண்ணெயை வாங்கிப் போய் விற்றுக் கூலி பெற்றார். அதுவும் நின்றபின் செக்காட்டும் கூலி வேலைக்குப் போனார். அந்தக் கூலியும் ஒருநாள் இல்லாமல் போனது. காரணத்தையும் சேக்கிழார் சொல்கிறார்: அந்த வேலைக்கு ஆட்கள் பெருகிவிட்டார்கள். 12-ஆம் நூற்றாண்டில் அமைச்சர் பதவியில் இருந்த ஒருவருக்கு, ஆள் மிகுந்தால் கூலி கிடைக்காது என்பது தெரிந்திருக்கிறது. அதை ஒரு புராணத்தில் எழுதவும் தோன்றியிருக்கிறது. ஒப்பந்தம் முடிந்து ஒரகடம் சந்திப்பில் அடுத்த வேலையை விசாரித்து நிற்கும் பையன்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த இடம் நினைவுக்கு வரும். அதன்பின் கலியர் மனைவியை விற்க முனையும் பகுதியை என்னால் மனம் ஒப்பிப் படிக்க முடிவதில்லை. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் ஆட்டு மந்தை கொடுத்து விளக்கேற்றும் குடியில் பிறந்தவர், செக்கடியில் கூலிக்கு நின்றவனின் விளக்கைத் தன் நூலில் ஏற்றி வைத்தார். அந்தச் செயலின் முன் நான் கைகூப்புகிறேன்.

எழுதி வைப்பதால் என்ன மிஞ்சும் என்பதற்குக் கடலுக்கு அப்பாலும் ஒரு குடும்பக் கதை உண்டு. சேக்கிழாருக்கு 300 ஆண்டு முன், இன்றைய பிரான்சின் தெற்கே, பிராங்கு அரசில் பெர்னார் என்று ஒரு பிரபு இருந்தார். அவருடைய மனைவி தூவோதா. மூத்த மகன் வில்லியத்துக்கு ஏறக்குறைய பதினைந்து வயது. தந்தையின் விசுவாசத்துக்குப் பிணையாக அவனை அரசனிடம் அனுப்பிவிட்டார்கள். 841-இல் பிறந்த இளைய குழந்தையையும் ஞானஸ்நானம் ஆகும் முன்பே தந்தை தம்மிடம் வரவழைத்துக்கொண்டார். குழந்தைக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்பதுகூடத் தாய்க்குத் தெரியாது. தனியே விடப்பட்ட அந்தத் தாய் 841 முதல் 843 வரை உட்கார்ந்து மூத்த மகனுக்கு ஒரு புத்தகம் எழுதினாள். இறந்துபோன சொந்தங்களின் பெயர்களை அதில் வரிசையாக எழுதி, இவர்களுக்காக வேண்டிக்கொள் மகனே என்றாள். தம்பிக்கும் இதைப் படித்துக்காட்டு என்றாள். 844-இல் பெர்னார் கொல்லப்பட்டார். மகன் வில்லியமும் நெடுநாள் வாழவில்லை. அந்தப் பிரபு வீட்டின் உள்ளம் இன்று நமக்குத் தெரிகிறதென்றால், அது அவள் எழுதி வைத்ததால்தான்.

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குவதற்கான குடியிருப்பை 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். அத்தனை கட்டில்களுக்கும் பின்னால் அத்தனை வீடுகள். கழுத்தில் தொங்கும் அட்டையில் ஒரு பெயரும் ஓர் எண்ணும். அவர்களில் நம் பத்திரிகை வாசிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் குடும்பத்தைப் பற்றி ஒரே ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். முதலில் மாவட்டம், பிறகு வட்டம், ஊர், வீட்டில் என்ன தொழில், நீங்கள் படிக்க யார் வேலைக்குப் போனார்கள், கடைசியில் உங்கள் பெயர். பிழையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அடுத்த வைகாசிப் பூசம், சேக்கிழார் குருபூசை நாள், வரும் இதழில் அவற்றை வெளியிடுகிறோம்.

சுங்குவார்சத்திரத்து வாசகியிடம் இதைத் தொலைபேசியில் முன்பே சொல்லிவிட்டேன். அவருடைய பக்கம் நேற்று வந்து சேர்ந்தது. கூடவே இரண்டாவதாக ஒரு பக்கமும் இருந்தது. அது தீப்பெட்டி ஆலைக்குப் போய் அக்காவைப் படிக்க வைத்த தம்பி தன் கையால் எழுதியது.

அன்புடன்,
ஆசிரியர்