ஓர் ஊருக்கு ஒரு ஸ்பெல்லிங் போதும்

திருவாலங்காட்டில் ஆன்லைன் விண்ணப்பம் போட்டுத் தரும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்களின் மஞ்சள் பையைக் கவிழ்த்தால், எங்கள் ஊர்ப் பெயரே ஆங்கிலத்தில் விதவிதமாகக் கொட்டும். ரயில்வேக்காரர்கள் வெறும் ‘டி’யில் தொடங்குகிறார்கள். மற்ற போர்டுகளில் ‘டி’க்குப் பின்னால் ஓர் ‘எச்’ தொற்றிக்கொள்கிறது. ‘காடு’க்கு ‘ஜி’யா ‘கே’யா என்பது எழுதுகிறவர் இஷ்டம். கூகுளில் தேடினால் குத்தாலம் பக்கத்தில் இருக்கும் இன்னொரு திருவாலங்காடும் வந்து நிற்கும். எங்கள் ஊர்க் கோயிலைப் போலவே அங்கேயும் சாமி வடாரண்யேஸ்வரர்தான்!

ஆங்கிலத்தில் நம் ‘த’வுக்குத் தனி எழுத்து இல்லை. ‘ட’விலிருந்து பிரித்துக் காட்ட நாம் ‘எச்’ சேர்த்தோம். வடக்கிலிருந்து வருகிறவருக்கோ அந்த ‘எச்’ மூச்சை இழுத்து விடச் சொல்லும் குறி. எல்லை தாண்டினால் திருப்பதி தேவஸ்தானம் ‘எச்’ இல்லாமல் எழுதுகிறது. நம்மவர்கள் அதே திருப்பதிக்கு ‘எச்’ போடுகிறார்கள். அவரவர் கணக்கில் இரண்டுமே சரிதான்.

‘ழ’ வந்தால் இன்னும் சிக்கல். 1905-ல் கிடைத்த எங்கள் ஊர்ச் செப்பேடுகள், பக்கத்துப் பழையனூரை ராஜேந்திர சோழன் எங்கள் கோயிலுக்குக் கொடுத்ததைச் சொல்கின்றன. ஆராய்ச்சியாளர்கள் ‘எல்’லுக்குக் கீழே கோடு போட்டு ‘ழ’வைக் காப்பாற்றுவார்கள். கம்ப்யூட்டர் படிவத்தில் அந்தக் கோட்டுக்கு இடமில்லை. கோடு போனால் பழையனூர் ‘பலையனூர்’.

ஊராவது பரவாயில்லை. ஆள் பெயர் மாறினால் பான் கார்டும் ஆதாரும் இணையாது. ஆதாரில் பெயரைத் திருத்த ஆயுளுக்கு இரண்டே வாய்ப்பு. அதற்கும் மேலே போனால் அரசிதழ் வரை அலைய வேண்டும். காரைக்கால் அம்மையாரே இன்று ஆதார் எடுக்க வந்தால், அவருடைய இயற்பெயரான ‘புனிதவதி’யில் இருக்கும் இரண்டு ‘த’வுக்கும் என்ன எழுத்துப் போடுவது என்று அவரைத்தான் கேட்பேன்.

2020 ஜூனில் தமிழக அரசு 1,018 இடங்களின் ஆங்கில எழுத்தை மாற்றி ஆணை வெளியிட்டது. நல்ல எண்ணம்தான். ஆனால் தமிழ் ஒலியை அப்படியே பிடிக்கப் போய், கோயம்புத்தூருக்கு எழுத்துகள் ரயில் பெட்டிபோல் நீண்டன; வேலூர் ‘வீலூர்’ என்று வாசிக்கும்படி ஆனது. ஊரே சிரித்தது. அதே மாதம் ஆணையைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள்.

திருத்தியிருக்க வேண்டியதை அடியோடு கைவிட்டது தவறு என்பேன். 26 எழுத்தை வைத்துக்கொண்டு தமிழ் ஒலியை முழுசாகப் பிடிக்க யாராலும் முடியாது. அது தேவையும் இல்லை. ஒலிக்குத்தான் தமிழ் எழுத்து இருக்கிறதே. படிவத்துக்கு வேண்டியது, எல்லா அலுவலகத்திலும் மாறாத ஒரே வடிவம். ‘எச்’ இருக்கட்டும், இல்லாமல் போகட்டும், எனக்குச் சம்மதம்.

அரசு அந்தக் கோப்பை மறுபடி எடுக்க வேண்டும். மொழி அறிஞர்களோடு தபால்காரரையும் பத்திர எழுத்தரையும் உட்கார வைத்து, ஊருக்கு ஒரு வடிவத்தை முடிவு செய்யுங்கள். பழைய சான்றிதழ்களும் செல்லும் என்று அதே ஆணையில் எழுதிவிடுங்கள். அது இல்லாவிட்டால் எங்கள் கடை வாசலில் வரிசை இன்னும் நீளும்.