அம்மா, எதில் கையெழுத்து போட்டீர்கள்?



சில மாதங்களுக்கு முன் ஓர் அம்மையார் என் அலுவலகத்துக்கு வந்தார். வயது அறுபதைத் தாண்டியவர். தோட்டம் துண்டாடப்பட்டு, பிளாட் வீட்டுக்குக் குடிவந்த குடும்பம். வந்தது மகனுடைய சொக்சோ பணம் பற்றிக் கேட்க. பிளாஸ்டிக் பையில் இருந்த காகிதங்களை எல்லாம் என் மேசையில் கொட்டினார். அவற்றுக்கு நடுவே 14 பக்கப் படிவம் ஒன்று. பாதி மலாயில், பாதி ஆங்கிலத்தில். கடைசிப் பக்கத்தில் நடுங்கிய எழுத்தில் அவர் பெயர், தமிழில்.

"அம்மா, இது என்னன்னு தெரியுமா?"

"இனிப்பு நீர் தம்பி. கால்ல புண்ணு. மருந்து கட்டக் கையெழுத்து கேட்டாங்க, போட்டேன்."

மருந்து கட்டுவதற்கான கையெழுத்து அல்ல அது! ஒரு புதிய களிம்பைப் பற்றிய ஆய்வு. குலுக்கல் முறையில் சிலருக்குப் புதிய களிம்பு, மற்றவர்களுக்கு வழக்கமான மருந்து. தனக்கு எது கிடைத்தது என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. தாம் ஓர் ஆய்வில் இருக்கிறோம் என்பதே தெரியாது! யார் விளக்கினார்கள் என்று கேட்டேன். வார்டில் தரை கூட்டும் தமிழ்ப் பெண்ணைக் கூப்பிட்டார்களாம். அவள், "போடுங்கக்கா, நல்லதுக்குத்தான்" என்றாளாம். அவ்வளவுதான் விளக்கம்.

எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை. அந்த அம்மா இன்னும் அங்கேதான் மருந்து எடுக்கிறார்.

பல்கலைக்கழக ஆஸ்பத்திரி என்றால் என்ன என்பதை நாம் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். அங்கே மூன்று வேலைகள் ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன. நோயாளிக்கு வைத்தியம், மாணவர்களுக்குப் பாடம், பிறகு ஆராய்ச்சி. இருதயப் பிரிவு, சிறுநீரகப் பிரிவு, புற்றுநோய், பிரசவம், குழந்தைகள், மனநலம்... எந்த வார்டுக்குப் போனாலும் ஏதாவது ஓர் ஆய்வு ஓடிக்கொண்டிருக்கும். சிலவற்றில் பழைய கோப்புகளை மட்டும் பார்ப்பார்கள். சிலவற்றில் கூடுதலாக ஒரு குழாய் ரத்தம் எடுப்பார்கள். சிலவற்றில் புதிய மருந்தையே கொடுத்துப் பார்ப்பார்கள். உங்களுக்கு வைத்தியம் செய்கிற அதே டாக்டர்தான் ஆய்வும் நடத்துவார். வைத்தியம் என்பது உங்களுக்காக. ஆய்வு என்பது நாளைக்கு வரப்போகும் நோயாளிகளுக்காக. உங்களுக்கும் பலன் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். இந்த வித்தியாசத்தை உங்கள் மொழியில் சொல்லாமல் வாங்கிய கையெழுத்து என்ன கையெழுத்து?

இது நம் நாட்டில் நேற்று தொடங்கிய கதையும் அல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன் மலாயாவில் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. ஈயச் சுரங்கத்துச் சீனத் தொழிலாளர்கள் செத்து விழுந்தார்கள். தோட்டத்துத் தமிழர்களுக்கு மட்டும் அந்த நோய் அவ்வளவாக வரவில்லை. பிராடன் என்ற வெள்ளைக்கார டாக்டர் இதைக் கவனித்தார். காரணம் வேறொன்றுமில்லை, நம் பாட்டன் பாட்டி சாப்பிட்ட புழுங்கல் அரிசி! நெல்லைப் புழுக்கும்போது தவிட்டில் உள்ள பி1 சத்து அரிசிக்குள் இறங்கிவிடும். தீட்டிய பச்சரிசியில் அது போய்விடும். சத்தின் பெயர் அப்போது யாருக்கும் தெரியாது.

இதைச் சோதிக்க வில்லியம் ஃபிளெட்சர் என்ற டாக்டர் தேர்ந்தெடுத்த இடம் கோலாலம்பூர் மனநோய் விடுதி. ஆண்டு 1905 முடிந்து 1906. விடுதியில் இருந்தவர்களை வரிசையில் நிற்கவைத்து எண்ணினார். ஒற்றைப்படை எண்காரர்களுக்கு ஒரு கட்டடம், தீட்டிய பச்சரிசி. இரட்டைப்படைக்கு எதிர்க் கட்டடம், புழுங்கல் அரிசி. பச்சரிசிப் பக்கத்தில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கல் பக்கத்தில் ஒருவரும் சாகவில்லை. 1907-ல் முடிவு லண்டன் 'லான்செட்' ஏட்டில் வந்தது. உலகத்துக்கு அது பெரிய கண்டுபிடிப்பு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பூட்டிய கதவுக்குள் இருந்தவன் "எனக்கு வேண்டாம்" என்று யாரிடம் சொல்லியிருப்பான்?

வெள்ளைக்காரன் காலம் போய்விட்டது என்பீர்கள். 1969-ல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில், தெற்காசியாவிலிருந்து குடியேறிய 21 பெண்களுக்கு கதிரியக்க இரும்பு கலந்த சப்பாத்தி கொடுத்தார்கள். ரத்தச்சோகை ஆய்வு. பலருக்கு ஆங்கிலமே சரியாகத் தெரியாது. 1995-ல் தொலைக்காட்சியில் வந்த பிறகுதான் விஷயம் வெளியே பரவியது. மொழி தெரியாத ஏழைப் பெண் என்றால் எந்த நாட்டிலும் கையெழுத்து சுலபமாகிவிடுகிறது.

இனி நம்மவர்களிடம் ஒரு சண்டை. "ஆஸ்பத்திரிக்காரன் நம்மை எலி ஆக்குறான், ரத்தம் கொடுக்காதே, எந்த ஆய்விலும் சேராதே" என்று மேடையில் முழங்குகிற தலைவர்களைப் பார்த்திருக்கிறேன். கைதட்டலும் கிடைக்கிறது. இது சமுதாயத்துக்குச் செய்யும் துரோகம்!

1998 கடைசியில் பன்றிப் பண்ணைத் தொழிலாளர்கள் மூளைக்காய்ச்சலில் விழுந்தார்களே, நினைவிருக்கிறதா? அவர்களில் நம்மவர்களும் உண்டு. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று சொல்லி அரசாங்கம் கொசு மருந்து அடித்துக்கொண்டிருந்தது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் டாக்டர் சுவா கா பிங்தான் இது வேறு வைரஸ் என்று கண்டார். அதுதான் நீப்பா. 265 பேருக்கு நோய், 105 பேர் இறந்தார்கள். அந்தக் கண்டுபிடிப்பு இல்லையென்றால் இன்னும் எத்தனை பிணம்? அப்போது 140 நோயாளிகளுக்கு ரிபாவிரின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 32 விழுக்காடு இறந்தார்கள், மருந்து பெறாத 54 பேரில் 54 விழுக்காடு. ஆனால் அந்த 54 பேர் குலுக்கலில் பிரிக்கப்பட்டவர்கள் அல்லர். மருந்து வருவதற்கு முன் வந்தவர்களும், மறுத்தவர்களும். பிறகு விலங்குகளில் செய்த சோதனைகள் அந்த நம்பிக்கையை உறுதி செய்யவில்லை. குலுக்கல் ஏன் தேவை என்பது இதில் தெரிகிறது. சதி அல்ல அது.

இன்னொன்றும் கேளுங்கள். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி இனிப்பு நீர் நோய் இந்தியர்களில் 31.4 விழுக்காடு, மலாய்க்காரர்களில் 22, சீனர்களில் 15.1. மூன்றில் ஒருவர் என்ற கணக்குக்குப் பக்கத்தில் நிற்கிறோம்! ஆனால் நான் படித்த சில ஆய்வுத் திட்டங்களில், 'மலாய் அல்லது ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவர்கள் மட்டும்' என்று நிபந்தனை இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்ற பால்மரத் தொழிலாளி அதோடு வெளியே. நோய் நமக்கு, அறிவு மற்றவர்களுக்கா? தெரியாமல் சேர்ப்பதும் அநீதி, மொழியைக் காட்டித் தள்ளுவதும் அநீதி. நான் இரண்டையும் எதிர்க்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது? 1999 முதல் மலேசியாவில் மருத்துவ ஆய்வுக்கு நன்னெறி வழிகாட்டி உண்டு. புரிகிற மொழியில் விளக்க வேண்டும். வாசிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வோடு சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் கூட இருக்க வேண்டும். கையெழுத்திட்ட படிவத்தின் ஒரு நகல் உங்களுக்குச் சேர வேண்டும். பாதியில் விலகலாம், விலகினால் வைத்தியத்தை நிறுத்த முடியாது. ஆய்வால் கேடு வந்தால் என்ன வைத்தியம், என்ன நஷ்ட ஈடு என்று எழுதியிருக்க வேண்டும். போக்குவரத்துக்கு ஐம்பது வெள்ளி வாங்கிக்கொண்டதால் இந்த உரிமைகளில் ஒன்றும் போய்விடாது.

ஆனால் வழிகாட்டி வேறு, நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் வேறு. நீதிமன்றத்தில் நமக்குக் கைகொடுப்பது ஃபூ ஃபியோ நா வழக்கு. ஆபத்துகளை நோயாளிக்குச் சொல்ல வேண்டிய கடமையை டாக்டர்கள் மட்டுமே அளந்து முடிவு செய்ய முடியாது என்று 2006 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது வைத்தியம் பற்றிய வழக்கு. வைத்தியத்துக்கே அப்படி என்றால் ஆய்வுக்கு இன்னும் அதிகமாகச் சொல்ல வேண்டும் என்பது என் வாதம்.

ஆஸ்பத்திரி நெறிமுறைக் குழுக்களைக் கேட்கிறேன்: மலாயில் படிவம் அடிக்க முடிகிறது, ஆங்கிலத்தில் முடிகிறது. தமிழில் 14 பக்கம் அடிக்க என்ன கஷ்டம்? அங்கே வெள்ளைக் கோட்டு போட்டிருக்கிற நம் வீட்டுப் பிள்ளைகளையும் கேட்கிறேன்: தரை கூட்டும் அக்காவை மொழிபெயர்ப்பாளர் ஆக்கும்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

அந்த அம்மாவுக்கு 14 பக்கத்தையும் தமிழில் சொன்னேன். ஒரு மணி நேரம் ஆனது. "அப்ப நான் நிறுத்திடணுமா தம்பி?" என்றார். அது உங்கள் முடிவு அம்மா என்றேன். யோசித்தார். "புண்ணு ஆறிட்டு வருது. இருக்கட்டும். ஆனா அடுத்த தடவை மிஸ்ஸிகிட்ட வாசிச்சுக் காட்டச் சொல்லுவேன்" என்றார். அன்றுதான் அவர் உண்மையில் சம்மதித்தார்.

உங்கள் வீட்டிலும் இப்படிப் படிவம் இருக்கலாம். அப்பாவின் மருந்துப் பையில், அலமாரியில் துணிக்கு அடியில் தேடுங்கள். நகல் தரவில்லை என்றால் அடுத்த முறை போகும்போது கேட்டு வாங்குங்கள். கேடு ஏதும் நடந்திருந்தால் தாமதிக்காதீர்கள். அரசாங்க அமைப்பு என்றால், 1948 பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி 36 மாதங்களுக்குள் வழக்குப் போட வேண்டும். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று நாலு வருடம் கழித்து என்னிடம் வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். தேதியை இன்றே பாருங்கள்.