எதைத் தேடினார்கள் என்று கேளுங்கள்



மயிலாப்பூர் தண்ணித்துறை மார்க்கெட்டில் கறிவேப்பிலை வாங்கி வந்தால், எங்கள் வீட்டில் முதலில் அது புளித்தண்ணீரில் ஊறும். "மருந்தெல்லாம் போயிருக்குமா?" என்று யாராவது கேட்டால், பார்த்துச் சொல்ல வழியில்லை. தனி வரம்பு வகுக்கப்படாத பூச்சிமருந்துக்கு நம் நாட்டில் பொதுவாக உள்ள வரம்பு, கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். அதாவது, 100 டன் காய்கறியில் 1 கிராம்!

அந்த ஒரு கிராமைத் தேட வழிகள் பல. எளியது, நொதியைக் கொண்டு செய்யும் பட்டைச் சோதனை. நரம்புகளுக்குத் தேவையான ஒரு நொதியை ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் மருந்துகள் முடக்கிவிடும். அந்த முடக்கத்தைப் பட்டையின் நிறம் காட்டிக்கொடுக்கும். செலவு குறைவு, சில நிமிடங்களில் முடிவு. ஆனால் வேறு வகை மருந்து இருந்தால் பட்டைக்குத் தெரியாது.

நம் அடையாறுக்குப் பக்கத்திலேயே, ஐஐடியில், பேராசிரியர் பிரதீப்பின் குழு 2003-ல் ஒரு வழி கண்டது. எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்து சேர்ந்தால் தங்க நானோ துகள்கள் மிதக்கும் கரைசல் நிறம் மாறும். கண்ணுக்குத் தெரியாத நஞ்சைக் கண்ணாலேயே பார்க்கவைத்த ஆய்வு அது.

அதே 2003-ல் வெளியானதுதான் 'கெச்சர்ஸ்' முறை. அரைத்த காய் 10 கிராமில் அசிட்டோநைட்ரைல் ஊற்றிக் குலுக்கி, உப்புகள் சேர்த்துச் சாற்றைப் பிரித்துச் சுத்தம் செய்வார்கள். பிறகு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் அதை அலசும். அதற்குமுன் மருந்துகளைத் தனித்தனியாகப் பிரிக்க, எளிதில் ஆவியாகுபவற்றுக்கு வாயு குரோமட்டோகிராபி, சூடு தாங்காதவற்றுக்குத் திரவ குரோமட்டோகிராபி. இரண்டும் சேர்ந்தால் நூற்றுக்கணக்கான மருந்துகள் சிக்கும். அப்படியும் கிளைபோசேட் என்ற களைக்கொல்லி நழுவிவிடும். அதற்குத் தனிச் சோதனை வேண்டும்.

எவ்வளவு விலையுயர்ந்த கருவியானாலும், தேடச் சொன்னதைத்தான் தேடும். 'கண்டறியப்படவில்லை' என்ற சொல்லுக்கு, தேடிய பட்டியலில் உள்ளவை, அந்தக் கருவி அளக்கும் அளவுக்கு இல்லை என்பதே பொருள்.

தி.நகரிலோ அடையாறிலோ 'நஞ்சில்லாக் காய்கறி' என்று சான்றிதழ் காட்டும் கடைக்குப் போனால், தயங்காமல் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த முறையில் சோதித்தார்கள்? எத்தனை மருந்துகளைத் தேடினார்கள்? எவ்வளவு சிறிய அளவு வரை? பத்துப் பேர் கேட்டால், பதிலைக் கடைக்காரரும் தேடத் தொடங்குவார். நம் பிள்ளைகளின் தட்டுக்காக, இந்த வாரமே கேட்டுப் பாருங்கள். கிடைத்த பதிலை எங்களுக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்