திருவிழா ஆர்கெஸ்ட்ராவுக்கும் ஒரு லைவ் ஆல்பம் வேண்டாமா?

ஸ்டுடியோவில் பிசிறு தட்டினால் இன்னொரு டேக் போகலாம். மேடையில் முடியாது. லைவ் ஆல்பத்தின் ருசியே அதுதான். ஜான் மெக்லாஃப்லின், ஜாகிர் உசேன், எல்.சங்கர், விக்கு விநாயக்ராம் உள்ளிட்டோரின் ‘சக்தி’ குழுவுக்கு முதல் ஆல்பமே 1975-ல் அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் நடந்த கச்சேரிதான். 50 வருஷம் கழித்தும் அந்தக் கடம் கேட்கிறது, கைதட்டலும் கேட்கிறது.

விருத்தாசலம், நல்லூர் பக்கம் கோயில் திருவிழாவில் பாடும் ஆர்கெஸ்ட்ராக்களுக்கு? மிஞ்சுவது பெரும்பாலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்தான். 24 மணி நேரத்தில் அதுவும் காலி. குழு கலைந்தால் அவங்க வாசிப்பும் போச்சு.

வழி சிம்பிள். குழுவிடம் அனுமதி கேளுங்க. மிக்ஸரிலிருந்து ரெக்கார்டருக்கு ஒரு வயர். கைதட்டலுக்காகக் கூட்டத்துக்கு நடுவே ஒரு போன். வாசித்தவர்கள் பெயர், தேதியை மறக்காம எழுதி வைங்க. விழாக் கமிட்டி பட்டாசுக்கு ஒதுக்குற காசுல கொஞ்சம் போதும்.