உடற்கல்விப் பட்டமும் கடன் தவணையும்

பட்டம் பெற்ற ஒருவர் பள்ளி உடற்கல்வி ஆசிரியராவதற்குப் படிக்கும் பி.பி.எட். என்னும் தொழிற்படிப்பு, தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகளால் ஓராண்டிலிருந்து ஈராண்டாக நீண்டது. பாடத்திட்டம் செறிவடைந்தது நன்மையே எனினும், கட்டணம், விடுதி, காலணி, சீருடை, முகாம், கற்பித்தல் பயிற்சி என ஓராண்டுக்கு ஆன செலவெல்லாம் இரண்டாண்டுக்கு ஆகும் நிலை வந்தது. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் ஐந்தாண்டுகள் சம்பாத்தியமின்றிப் படிக்க வசதியில்லாத குடும்பங்கள், அதிலும் விளையாட்டுத் திறமை ஒன்றையே மூலதனமாகக் கொண்ட பிள்ளைகளின் குடும்பங்கள், வங்கியை நாட நேர்வது இதனால்தான்.

கல்விக் கடன் கிடைப்பது முன்போல் கடினமில்லை, ரூ.4 லட்சம் வரை சொத்து அடமானமோ மூன்றாம் நபர் பிணையோ வேண்டியதில்லை, பெற்றோர் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்திட்டால் போதும். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்பது விதி. ஆனால் தவணைக்குத்தான் விடுப்பே தவிர வட்டிக்கு இல்லை என்பதைக் கையெழுத்திடும்போது கவனிப்பவர் குறைவு. ஆண்டுக்கு ரூ.1.5 லட்சம் வீதம் இரண்டு முறை கடன் பெற்றதாகவும், வட்டி 10 விழுக்காடு என்றும், வட்டி மானியம் எதுவும் கிடைக்கவில்லை என்றும் கொண்டால், முதல் தவணைக்கான நாள் வரும்போது ரூ.75,000 தனிவட்டி சேர்ந்து கடன் ரூ.3.75 லட்சமாகியிருக்கும். அதைப் பத்தாண்டுகளில் அடைக்க மாதம் ஏறத்தாழ ரூ.4,950 கட்ட வேண்டும். முடிவில் வங்கிக்குச் செல்லும் மொத்தத் தொகை ஏறக்குறைய ரூ.6 லட்சம், அதாவது வாங்கியதைப் போல இரு மடங்கு.

இந்தத் தவணையை எந்தச் சம்பளத்தோடு ஒப்பிடுவது என்பதில்தான் பெரும்பாலான கணக்குகள் தவறிப்போகின்றன. தமிழ்நாட்டு அரசுப் பள்ளியின் நிரந்தர உடற்கல்வி ஆசிரியருக்கு 2017ஆம் ஆண்டு ஊதியத் திருத்தத்தின்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் ரூ.20,600, அதன்மேல் அகவிலைப்படியும் பிற படிகளும் சேரும்போது மேற்கண்ட தவணை ஒரு சுமையே அன்று. குடும்பங்கள் மனத்தில் வைத்துக் கடன் வாங்குவது இந்தச் சம்பளத்தைத்தான். அதற்கான வாசலோ எப்போதாவதுதான் திறக்கிறது: ஆசிரியர் தேர்வு வாரியம் 2017இல் சிறப்பாசிரியர் பணிக்கு அறிவிப்பு வெளியிட்டபோது, உடற்கல்வி, ஓவியம், தையல், இசை ஆகிய நான்கு பாடங்களுக்கும் சேர்த்தே மாநிலம் முழுவதற்கும் 1,325 இடங்கள்தாம் இருந்தன.

காத்திருப்போருக்கு எஞ்சுவது தனியார் பள்ளி, உடற்பயிற்சிக்கூடம் அல்லது பகுதிநேரப் பணி. கடைசியாகச் சொன்னதன் வேர் 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. நூற்றுக்கு மேல் மாணவர் பயிலும் உயர் தொடக்க நிலைப் பள்ளிகளுக்கு ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விப் பயிற்றுநர்கள் வேண்டும் என்ற அச்சட்டம், அவர்கள் பகுதிநேரமாக இருந்தால் போதும் என்றும் எழுதிவைத்தது. அதன்படி 2012இல் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டோரை மாதம் ரூ.5,000 தொகுப்பூதியத்தில், அதாவது படிகளோ ஆண்டு ஊதிய உயர்வோ இல்லாத மொத்தச் சம்பளத்தில், தமிழக அரசு நியமித்தது. பல போராட்டங்களுக்குப் பின் அத்தொகை ரூ.10,000 ஆகி, 2023இல் ரூ.12,500 என அறிவிக்கப்பட்டது. அந்தத் தொகையில் ரூ.4,950 தவணைக்குப் போக, கைக்கு மிஞ்சியது ரூ.7,550. சம்பளமில்லாதிருந்த மே மாதத்திலும் தவணை இருந்தது.

இதனால் உடற்கல்விப் படிப்பு வீண் என்ற முடிவுக்கு வருவது பிழை. கட்டணம் குறைந்த அரசு, அரசு உதவி பெறும் கல்லூரியில் சிறு கடனோடு முடித்தவருக்கு இதே பட்டம் நல்ல முதலீடு. அதிகக் கட்டணம் கேட்கும் தனியார் கல்லூரியில் முழுக் கடனில் முடித்தவருக்கு அதே பட்டம் பத்தாண்டுச் சுமை. இருவரும் எழுதும் போட்டித் தேர்வும் அமரும் பணியும் ஒன்றே என்பதால், கல்லூரியின் பெயருக்காகக் கூடுதல் கடன் வாங்குவதில் மற்றப் படிப்புகளுக்கு இருக்கக்கூடிய நியாயம்கூட இதற்கு இல்லை. கடனில் பி.பி.எட். முடித்து வேலை கிடைக்காதவர், அடுத்த கடனில் மேற்படிப்பான எம்.பி.எட். சேர்ந்து தவணையைத் தள்ளிப்போடுவது எல்லாவற்றினும் ஆபத்தானது. தவணை தவறினால் கூட்டுக் கடன்தாரரான தந்தையின் கடன் நம்பகத்தன்மையைக் காட்டும் சிபில் மதிப்பெண்ணும் சேர்ந்து சரியும்.

ஆகவே கடன் விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன், கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த சம்பளத்தை அல்ல, படித்தவுடன் கிடைக்கும் முதல் சம்பளத்தை வைத்துப் பெற்றோர் தவணையைக் கணக்கிட வேண்டும். அதில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் தவணை போகுமானால் கடனைக் குறைக்க வேண்டும் அல்லது கல்லூரியை மாற்ற வேண்டும். அரசு செய்ய வேண்டியது ஒன்றே: உடற்கல்வி ஆசிரியர் தேர்வை ஆண்டுதோறும் குறித்த மாதத்தில் அறிவிக்க வேண்டும். தவணை நாள் மாதந்தோறும் தவறாமல் வருகிறது. தேர்வு அறிவிப்பு அப்படி வருவதில்லை.